தடை விழுந்த நாட்டுப் பிள்ளைக்கு அறை கொடுக்கும்போது

பினாங்கு சுங்கை டுவாவில் எங்கள் வீடு. பல்கலைக்கழகத்துக்கு நடந்தே போய்விடலாம். என் வீட்டுக்காரர் தவறிய பிறகு மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. 2010-லிருந்து வெளிநாட்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். ஈரான், சூடான், சிரியா என்று மூன்று நாட்டுப் பிள்ளைகள் இங்கே இருந்து படித்துப் பட்டம் வாங்கிப் போயிருக்கிறார்கள். மூன்றுமே பொருளாதாரத் தடை விழுந்த நாடுகள். நான் தேடிப் பிடிக்கவில்லை. மற்ற வீடுகளில் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) பார்த்ததும் அறை இல்லை என்று சொல்லிவிட, இங்கே வந்து கதவைத் தட்டினார்கள்.

போன மாதம் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) அக்கா ஒருவர் வந்தார். ஈரான் மாணவி ஒருத்தி அறை கேட்கிறாள், கொடுத்தால் ஏதும் பிரச்சினை வருமா என்று கேட்டார். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். ஆனால் தடை ஒரு வீட்டுக்குள் எப்படி நுழையும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவருக்கும் நல்லது, அந்தப் பெண்ணுக்கும் நல்லது. எனக்கு அது தெரியாததால் ஒரு குடும்பத்தை மனம் நோகடித்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பணம் ஏன் வந்து சேராது

2011-ல் ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து ஓர் இளம் தம்பதி மாடிக்கு வந்தார்கள். கணவருக்கு வேதிப்பொறியியலில் முனைவர் படிப்பு. வாடகை 400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒன்றாம் தேதி நான் பசியாறி முடிப்பதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். 2012 ஏப்ரல் ஒன்றாம் தேதி வரவில்லை. ஐந்தாம் தேதியும் வரவில்லை. பத்தாம் தேதி நானே மாடியேறிக் கேட்டேன். "அப்பா அனுப்பப் பார்க்கிறார் ஆன்ட்டி, போகமாட்டேன் என்கிறது" என்றார். சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்திலும் காட்டிவிட்டேன். மறுநாள் அவர் மனைவி ஒரு சின்ன டப்பா குங்குமப்பூவோடு இறங்கி வந்து, பணம் வரும்வரை இதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். விருந்துக்கு வந்தால் அள்ளிக் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்கள், அதை அடகாக நீட்டும்படி நான் செய்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அவர் சொன்னது உண்மை. 2012 மார்ச் 17-ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவுப்படி, பெல்ஜியத்தில் இருக்கும் ஸ்விஃப்ட் என்ற அமைப்பு தடைப் பட்டியலில் இருந்த ஈரானிய வங்கிகளைத் துண்டித்துவிட்டது. ஸ்விஃப்ட் பணத்தைச் சுமந்து போகும் வண்டி இல்லை. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்லும் செய்தி வழி, அவ்வளவுதான். அந்த வழி அடைபட்டால் ஷிராஸில் அப்பாவின் கணக்கில் பணம் இருந்தும் பினாங்கில் பிள்ளைக்குக் கிடைக்காது. அவர்களுடைய புத்தாண்டு நவ்ரூஸுக்கு மூன்றே நாள் இருந்தது. கெலுகோர் சந்தையில் நான் வாங்கி வந்த பூண்டையும் ஆப்பிளையும் வைத்து மேசையில் ஏழு பொருள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த அடி நாணயத்தில் விழுந்தது. 2011 தொடக்கத்தில் தெருச் சந்தையில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 10,500 ரியால். 2012 அக்டோபரில் 35,000 ஆனது. 400 வெள்ளி அப்போது சுமார் 130 டாலர். அதே அறைக்கு அதே வாடகைதான். ஆனால் முதலில் 14 லட்சம் ரியால் கொடுத்த அப்பா ஒன்றே முக்கால் வருடத்தில் 45 லட்சம் தேட வேண்டியிருந்தது. அவர் பள்ளிக்கூட ஆசிரியர். சம்பளம் அப்படி மூன்று மடங்கு ஏறவில்லை. நான் வாடகையை ஒரு வெள்ளிகூடக் கூட்டவில்லை, இருந்தாலும் அவர்களுக்கு அது மும்மடங்காகிவிட்டது. வீடு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நம் ஊர் வங்கிகள். மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றம் போடும் தடைகளை மட்டுமே ஏற்கிறது. 2024 மே மாதம் அமெரிக்கக் கருவூல அதிகாரிகள் வந்தபோது உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன் இதைத்தான் சொன்னார். அப்படியென்றால் இங்கே ஏன் கணக்கை மூடுகிறார்கள்? டாலரில் நடக்கும் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் நியூயார்க் வழியாகப் போய் வருகிறது, அங்கே அமெரிக்கச் சட்டம்தான். சூடான், ஈரான், கியூபா பணத்தைக் கையாண்டதற்காகப் பிரான்சின் பிஎன்பி பரிபா வங்கி 2014-ல் கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதைப் பார்த்த எந்த வங்கிக்கும் ஒரு மாணவனின் 400 வெள்ளிக் கணக்கு பெரிதாகத் தெரியாது. எங்கள் தம்பதிக்கு ஒரு வங்கியிலிருந்து இரண்டே வரியில் கடிதம் வந்தது: கணக்கு மூடப்படுகிறது, மீதிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும். காரணம் எழுதவில்லை.

என் வீட்டுக்காரர் வழியில் யாழ்ப்பாணத்துச் சொந்தம் உண்டு. தொண்ணூறுகளில் அங்கே அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டிருந்தபோது மச்சாள் எழுதிய கடிதங்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு விளக்கேற்றியது, பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டது, எல்லாம் எழுதியிருப்பார். அது சொந்த நாட்டு அரசே போட்ட தடை, இது நாடுகள் நாட்டின் மேல் போடுவது. வேறு வேறுதான். ஆனால் அந்தக் கடிதங்களைப் படித்தவள் நான் அந்தப் பிள்ளையைச் சந்தேகித்திருக்கக் கூடாது.

அறை கொடுக்கும் முன்

சட்டத்துக்கு உட்பட்டுச் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை. கடப்பிதழ், மாணவர் அனுமதி, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் மூன்றையும் பாருங்கள், நகல் வாங்கி வையுங்கள். ஐ.நா.வின் தடைப் பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேடலாம். படிக்க வந்த பிள்ளை அதில் இருக்கப்போவதில்லை, ஆனாலும் பார்த்துவிட்டால் உங்கள் மனம் நிம்மதியாகும். ஒன்று சொல்கிறேன்: பெயர் மட்டும் ஒத்துப்போனால் பதறாதீர்கள். அலி, ஹுசைன், முகமது என்று ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். பிறந்த தேதி, கடப்பிதழ் எண் இரண்டையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வங்கியில் ஒருமுறை எங்கள் சூடான் தம்பியின் பணம் நின்றது இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான். இரண்டு வாரம் பிடித்தது.

ஈரான் பிள்ளைகள் என்றால் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். 2015 அணுசக்தி உடன்படிக்கையால் விலக்கப்பட்டிருந்த ஐ.நா. தடைகள் 2025 செப்டம்பர் 28-ல் திரும்ப வந்துவிட்டன. முன்பு அமெரிக்காவுக்குப் பயந்து தயங்கிய வங்கிகள் இப்போது ஐ.நா. பட்டியலையும் காரணம் காட்டலாம். வந்த முதல் வாரமே பல்கலைக்கழகத்தின் அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு கணக்குத் திறக்கப் போகச் சொல்லுங்கள். ஒரு கிளையில் முடியாது என்றால் வேறு வங்கியில் கேட்கலாம். காரணமே சொல்லாமல் மறுத்தால் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வாடிக்கையாளர் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

வாடகை ஒப்பந்தத்தை எழுதி முத்திரை வரி கட்டுங்கள். இது உங்களுக்காக மட்டுமல்ல. இந்தப் பணம் எதற்கு என்று வங்கி கேட்கும்போது அந்தப் பிள்ளை காட்டுவதற்கு அந்தத் தாள்தான் இருக்கும்.

வாடகை தவறும் மாதம்

தவறும். ஏதோ ஒரு மாதம் நிச்சயம் தவறும். அதனால் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான் இப்போது சொல்வது இதுதான்: பணம் தாமதமானால் ஒன்றாம் தேதிக்கு முன்பே என்னிடம் சொல்லிவிடு, இரண்டு மாதம் வரை பொறுப்பேன், அபராதம் கிடையாது. ஊரிலிருந்து யாராவது நேரில் வரும்போது ஒரு பருவத்துக்கான வாடகையை மொத்தமாகக் கொடுப்பவர்களும் உண்டு. கையில் கொண்டுவரும் பணம் 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்தே ஆக வேண்டும். அதைச் சொல்லிவையுங்கள், தெரியாமல் மாட்டிக்கொள்வார்கள். வெள்ளியாக மாற்ற உரிமம் மாட்டியிருக்கும் பணமாற்றுக் கடைக்குத்தான் போக வேண்டும். ரொக்கம் வாங்கும் ஒவ்வொரு முறையும் தேதி போட்டு ரசீது கொடுங்கள்.

நகை, கைப்பேசி, குங்குமப்பூ எதையும் ஈடாக வாங்காதீர்கள்.

வாடகைக்குப் பதிலாக வீட்டு வேலை செய்யட்டும் என்றும் நினைக்காதீர்கள், நல்ல எண்ணத்தில் சொன்னாலும் சரி. மாணவர் அனுமதியில் இருப்பவர் பருவ விடுமுறையில், குடிநுழைவுத் துறை அனுமதியோடு, குறிப்பிட்ட சில இடங்களில், வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதை மீறினால் அனுமதி பறிபோகும், படிப்பும் போகும்.

உங்கள் கணக்கை மட்டும் கொடுக்காதீர்கள்

இளகிய மனம் உள்ளவர்கள் செய்யும் தவறு இது. 'என் கணக்கு எண்ணைக் கொடு, உன் அப்பா அதில் போடட்டும், நான் எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. செய்யாதீர்கள். நம் கணக்கை வேறொருவர் பணத்துக்குப் பயன்படுத்த விடுவது இந்த நாட்டில் குற்றமாகலாம். அதோடு, நேர் வழி அடைபட்டதால் ஊரில் அப்பா யாரோ ஒரு தரகரிடம் பணம் கட்டுவார். தரகர் இங்கே வேறு யாருடைய பணத்தையோ உங்கள் கணக்கில் போடுவார். அது ஏமாற்றப்பட்ட ஒரு கிழவியின் சேமிப்பாகக்கூட இருக்கலாம். பிறகு போலீஸ் உங்கள் வாசலுக்கும் வரும், அந்தப் பிள்ளையைத் தேடியும் வரும். நாம் பொறுத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடலாம், சாப்பாடு போடலாம். கணக்கைக் கொடுக்கக் கூடாது.

பணம் அனுப்பும்போது காரணத்தை மறைப்பதும் வேண்டாம். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் அலெப்போவில் வீடிழந்த தன் குடும்பத்துக்காக எங்கள் சிரியா தம்பி நண்பர்களிடம் 1,150 வெள்ளி திரட்டினான். குறிப்பில் சிரியா என்ற சொல் இருந்ததால் பணம் பாதியில் நின்றது. அடுத்த முறை 'பிறந்தநாள் பரிசு' என்று போடச் சொல்லி யாரோ யோசனை சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். பொய் எழுதியது தெரிந்தால் கணக்கே போய்விடும். நிலநடுக்கம் நடந்து மூன்றாம் நாளே, அந்த உதவிக்கென அமெரிக்கா தன் தடையிலிருந்து 180 நாள் விலக்கு அளித்தது. அப்போதும் வங்கிகள் தயங்கின. கடைசியில் இங்கே பதிவு பெற்ற ஒரு நிவாரண அமைப்பிடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தான். அவன் குடும்பத்துக்கே போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. அந்த ஊருக்குப் போனது.

மருந்து

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். 2016 வரை நான் ஓர் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள்.

ஷிராஸ் பெண்ணின் தம்பிக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்பு உடம்பில் தங்கி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்ற டெஸ்ஃபெரால் என்ற ஊசி மருந்தைச் சிறு பம்பில் வைத்து, தோலுக்கடியில், இரவு முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வாரத்தில் ஐந்தாறு இரவு. நம் நாட்டிலும் தலசீமியா பிள்ளைகள் நிறைய உண்டு, இந்த மருந்தை எத்தனையோ அம்மாக்களிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

2012 கடைசியில் ஷிராஸில் அது கிடைக்காமல் போனது. உள்ளூரில் தயாரித்தது அவனுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஊசி போட்ட இடமெல்லாம் தடித்து வீங்கியது. பிறகு அதுவும் தட்டுப்பாடானது. நான் காலையில் மருத்துவமனையில் டெஸ்ஃபெரால் பெட்டிகளை எண்ணி ஏட்டில் எழுதுவேன். மாலையில் வீட்டுக்கு வந்தால் மாடியில் அந்தப் பெண் தம்பியிடம் கைப்பேசியில் பேசி அழுதுகொண்டிருப்பாள். ஒருநாள், ஒரே ஒரு பெட்டி எடுத்துவர முடியுமா ஆன்ட்டி என்று கேட்டாள். முடியாது என்றேன். அந்தப் பெட்டி இங்குள்ள இன்னொரு பிள்ளையின் பெயரில் எழுதியது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மருந்துக்குத் தடை இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். ஏட்டில் அது சரி, உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் மருந்தின் விலையைக் கட்ட வங்கி வேண்டும், ஏற்றிவரக் கப்பலும் காப்பீடும் வேண்டும். இவர்கள் பயந்து ஒதுங்கினால் விலக்கு தாளிலேயே இருக்கும். 2018 அக்டோபர் 3-ல் ஹேக் நகர் அனைத்துலக நீதிமன்றம் மருந்து, உணவு, விமானப் பாதுகாப்புப் பொருள்களுக்கு இடையூறு கூடாது என்று அமெரிக்காவுக்கு ஒருமனதாக உத்தரவிட்டது. அதற்குப் பிறகும், தொட்டாலே தோல் உரியும் நோயுள்ள ஈரானியப் பிள்ளைகளுக்கு ஒரு சுவீடன் நிறுவனத்தின் புண்கட்டுத் துணி வராமல் போனதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் பொதுப்பெயரையும் அளவையும் ஊரில் பார்க்கும் மருத்துவரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். டெஸ்ஃபெராலுக்கு டெஃபெராக்சமின். இங்குள்ள மருத்துவர் பார்க்காத நோயாளிக்கு மருந்து எழுத மாட்டார், எழுதவும் கூடாது. நோயாளி நேரில் வர முடிந்தால் அதுதான் நேர்வழி. அந்தத் தம்பியை அவன் அம்மா 2013 தொடக்கத்தில் பினாங்குக்குக் கூட்டிவந்தார். தன் வளையல்களை விற்று வந்திருந்தார். தனியார் மருத்துவரிடம் காட்டி மூன்று மாத மருந்து வாங்கினார்கள். பெட்டியிலிருந்து பிரிக்காமல், ரசீது, மருத்துவர் கடிதம், மருந்துச் சீட்டு மூன்றையும் சேர்த்துக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னேன். சரக்கில் போடும் பையில் வேண்டாம், தொலைந்தால் அவ்வளவுதான். எந்த மருந்தை எவ்வளவு கொண்டுபோகலாம் என்று அந்த நாட்டுத் தூதரகத்தில் முன்பே கேட்டுவிட வேண்டும். இன்சுலின் போலக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்றால் பயண நேரத்தைக் கணக்குப் பார்த்துக் குளிர்ப்பை வாங்குங்கள், பனிக்கட்டி நேராக மருந்தைத் தொடக் கூடாது, உறைந்தால் வீணாகிவிடும். இணையத்தில் யாரோ மலிவாக விற்கும் ஊசி மருந்தை மட்டும் தொடாதீர்கள்.

அந்த அம்மா பத்து நாள் என் வீட்டில் இருந்தார். மொழி தெரியாது. சமையலறையில் நின்று, பானை அடியில் சோற்றைப் பொன்னிறமாக முறுக விட்டுத் தட்டில் கவிழ்த்துக் காட்டுவார். நம் வீட்டில் அடிப்பிடித்தது என்று சுரண்டுவதை அவர்கள் விருந்தாளிக்கு முதலில் வைக்கிறார்கள்.

இன்னும் சில

உங்கள் அரசாங்கம் ஏன் இப்படிச் செய்கிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் கேட்காதீர்கள். சிலருக்கு அந்த அரசாங்கத்தைப் பிடிக்காது, ஊரில் குடும்பம் இருப்பதால் சொல்லவும் முடியாது. தடைகள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை உலகம் ஒதுக்கி வைத்தபோது மலேசியாவும் முன்னால் நின்றது. ஆனால் தடை ஆட்சியாளரைத் தொடுவதற்கு முன்பு ஆசிரியரின் சம்பளத்தையும் பிள்ளையின் மருந்தையும் தொட்டுவிடுகிறது. அதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

இணையப் பாடங்களும் மென்பொருள்களும் ஊருக்குப் போனால் திறக்காமல் போகலாம். 2014 ஜனவரியில் ஒரு பெரிய இணையப் பாடத் தளம் சூடான், ஈரான், சிரியாவில் அடைக்கப்பட்டபோது, கார்த்தூமில் இருந்த எங்கள் சூடான் தம்பியின் தங்கை பாதிப் பாடத்தில் நின்றாள். விடுமுறைக்குப் போகும் முன்பு ஆய்வுக் கோப்புகளைத் தனி வட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தடை நீங்கியது என்று செய்தி வந்தால் மறுநாளே பணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சூடான் மீதான அமெரிக்க வணிகத் தடை 2017 அக்டோபரில் நீங்கியது, ஆனால் பயங்கரவாத ஆதரவு நாடு என்ற முத்திரை 2020 டிசம்பர் வரை இருந்தது. அதுவரை வங்கிகள் அசையவில்லை. சிரியா மீதான தடைத் திட்டத்தை அமெரிக்கா 2025 ஜூன் 30-ல் முடித்தது. அங்கேயும் கொஞ்ச காலம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, அறையைக் காலி செய்யும் நாள். முன்பணத்தைப் பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், உங்களால் அனுப்ப முடியாது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் பார்த்துக் கழித்து, மீதியை ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஷிராஸ் தம்பதி 2014-ல் போனபோது நான் இதைச் செய்யவில்லை. கடைசி மின்கட்டணம் வரட்டும் என்று 200 வெள்ளியைப் பிடித்து வைத்தேன். பில் வந்தது 68 வெள்ளி. மீதி 132 வெள்ளியை அனுப்ப இரண்டு இடத்தில் கேட்டேன், ஈரான் என்றதும் கையை விரித்தார்கள். அவர் பெயர் எழுதிய உறையில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தேன். 2016 நவம்பரில் அவருடைய சித்தி மகள் படிக்க வந்து, அதே மாடி அறை கேட்டு வாசலில் நின்றபோது, முதலில் அந்த உறையைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.